நாவறிவு – 17: வெயில் குடித்த ரசம்

திருப்பலியில் குருவானவர் பாத்திரத்தில் ஊற்றும் திராட்சை ரசம் இரண்டு மூன்று தேக்கரண்டிக்கு மேல் இராது. அதோடு ஒரு சொட்டுத் தண்ணீர் சேரும். கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கம் இருக்கும் ஏலாக்குறிச்சியில் ஏறத்தாழ முந்நூறு வருடமாக இது நடந்துவருகிறது. அரியலூர்ச் சீமையில் நெல் உண்டு, கரும்பு உண்டு, முந்திரி உண்டு. ஒயினுக்கான திராட்சை கிடையாது. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயில் உண்டு. திராட்சை விளையாத, அதன் ரசத்தையும் தாங்கவிடாத ஒரு ஊருக்கு அந்த இரண்டு கரண்டி எப்படிக் கெடாமல் வந்துசேர்ந்தது? நெடுநாளாக என்னைத் துளைத்த கேள்வி இது. பாதி விடை ஏடுகளில் கிடைத்தது. மீதிப் பாதி, அந்த ஊரில் பிறந்த என் நண்பனின் வீட்டுக் கூடத்தில் மூன்று பாட்டில்களைத் திறந்தபோது கிடைத்தது.

ஏலாக்குறிச்சி என்றதும் நினைவுக்கு வருபவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியின் மாந்துவா பகுதியில், காஸ்திலியோனே என்ற சிற்றூரில் பிறந்தார். 1710-இல் கோவாவில் கரையிறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணிக்கு வந்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார், கலம்பகம் பாடினார். 3615 செய்யுள் கொண்ட தேம்பாவணியும் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் அவர் கைவேலை. இவையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கின்றன. அவர் பிறந்த மண் கார்தா ஏரிக்குத் தெற்கே இருக்கும் திராட்சைச் சீமை என்பதுதான் பாடத்தில் இல்லாதது. மாந்துவாப் பக்கத்தின் பேர்பெற்ற ஒயின் லாம்புரூஸ்கோ. நுரைக்கும், சிவந்த, இளமையிலேயே குடிக்கவேண்டிய ஒயின் அது. வருடக்கணக்கில் அதை யாரும் பூட்டிவைப்பதில்லை.

அப்படிப்பட்ட ஊர்க்காரர் இங்கே வந்து மதுவையே விட்டார். ராபர்ட் தெ நொபிலி வகுத்துத் தந்த வழியில் மதுரை மறைப்பணியின் துறவிகள் மாமிசத்தையும் மதுவையும் துறந்து சன்னியாசிகளாக வாழ்ந்தார்கள். சாப்பாட்டு மேசையில் ஒயின் இல்லை. ஆனால் பூசைக்கு அது இல்லாமல் முடியாது. தாம் குடிப்பதில்லை என்று உறுதி பூண்ட ஒருவர், அந்த ஒரு பொருளைப் பல மாதக் கடல்வழியும் காட்டுவழியும் தாண்டிக் காப்பாற்றிக் கொண்டுவர வேண்டும், வருடம் முழுக்கக் கெடாமல் வைத்திருக்கவும் வேண்டும்.

கெட்டுப்போனால் என்ன என்று கேட்கலாம். திருச்சபை அதற்கு இடமே தரவில்லை. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 924-ஆம் பிரிவு சொல்வது தெளிவானது: ரசம் இயற்கையானதாக இருக்கவேண்டும், திராட்சைக் கனியிலிருந்து வந்திருக்கவேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. காடியாகிவிட்டால் அது ரசமே இல்லை, அதை வைத்துப் பூசை செல்லாது. ஆகவே ஒயின் புளித்துப்போய்விட்டதா என்று நாவால் தீர்மானிக்கும் பொறுப்பு, ஒயினைச் சுவைத்துப் பழகாத ஊர்களில்கூட யாரோ ஒருவருக்கு இருந்தது. பங்குச்சாமியாருக்கு, அல்லது பூசைச் சாமான்களைக் காக்கும் கோயில்பிள்ளைக்கு. தமிழ்நாட்டின் முதல் ஒயின் சுவைஞர்கள் அவர்கள்தான் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அதற்கும் முன்னால் இருந்தவர்களை மறக்கக் கூடாது.

நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டில் யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மது வருகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்த மது வந்த ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் பல கிரேக்கத் தீவான கோஸின் ஜாடி வகையைச் சேர்ந்தவை. கோஸ் தீவு ஒயினில் கடல்நீர் சேர்ப்பார்கள். ஜாடியின் உட்புறம் பிசின் பூசுவதும் அந்தக் காலத்து வழக்கம். உப்பும் பிசினும் காவல் இருந்ததால்தான் அந்த மது செங்கடலையும் அரபிக் கடலையும் தாண்டியது. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவிட்ட தேறலைச் சங்கப் பாட்டுகள் அறியும். புதியதற்கும் முதிர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் இந்த மண்ணின் நாவுக்கு ஐரோப்பியர் வந்து சொல்லித் தெரிந்ததல்ல.

கடல் தாண்டி வரும் ஒயினுக்குக் காவல் வைக்கும் வேலையை, பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகு போர்த்துகீசியர் எடுத்துக்கொண்டார்கள். 1599-இல் கேரளத்தின் உதயம்பேரூரில் கோவாப் பேராயர் மெனேசஸ் கூட்டிய சங்கம் பலவற்றைத் தீர்மானித்தது. அவற்றில் பல, மார்த்தோமா கிறிஸ்தவர்களின் பழைய மரபுகளை அழித்தவை. அந்த வலி அங்கே இன்னும் ஆறவில்லை. அதே சங்கத்தின் ஒரு தீர்மானம் மட்டும் நம் கதைக்கு வேண்டும். மலைநாட்டுத் தேவாலயங்களுக்குப் பூசை ரசம் போதவில்லை, போர்த்துகீசிய அரசர் தருமமாக ஆண்டுதோறும் ஒன்றிரண்டு பீப்பாய் மஸ்கட்டல் ஒயின் அனுப்பவேண்டும் என்று அது கேட்டது. அந்தக் காலத்துப் பெரிய பீப்பாய் ஒன்றில் ஏறக்குறைய 500 லிட்டர் பிடிக்கும். ஒரு நாட்டின் அத்தனை பலிபீடங்களுக்கும் அவ்வளவுதான்.

இன்ன ஒயின் என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள் என்பது கவனிக்கவேண்டியது. மஸ்கட்டல் இனிப்பும் வலுவும் கொண்டது. மெலிந்த ஒயின் கப்பலிலேயே காடியாகிவிடும்.

இன்னொரு வழி உலர்திராட்சை. பழம் விளையாத ஊரிலும் உலர்ந்த பழம் கிடைக்கும், அதை ஊறவைத்துப் புளிக்கவைக்கலாம். மலையாளக் கிறிஸ்தவர்கள் இதை வெகுகாலம் செய்தார்கள். ஊறின தண்ணீர் ரசமாகுமா என்ற கேள்வி ரோம் வரை போனது. நிறத்திலும் சுவையிலும் அது உண்மையான ஒயின் என்று தெரிந்தால் போதும் என்று 1706-இல் பதில் வந்தது. வீரமாமுனிவர் கப்பலேறுவதற்கு நான்கு வருடம் முன்பு. பிறகு 1896-இல் இன்னொரு சலுகை: பயணத்தில் கெடும் மெலிந்த ஒயினுக்குத் திராட்சையிலிருந்தே வடித்த சாராயம் சேர்க்கலாம், ஆனால் மொத்தச் சாராயம் நூற்றுக்குப் பதினெட்டைத் தாண்டக் கூடாது. இந்தப் பதினெட்டில் வேதியியல் இருக்கிறது. அந்த அளவை நெருங்கும்போது ஒயினைக் காடியாக்கும் பாக்டீரியாவால் பிழைக்க முடியாது. இறையியல் சட்டமும் ஆய்வுக்கூட அறிவும் ஒரே எண்ணில் வந்து நிற்கும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

இனி நண்பனுக்கு வருகிறேன். திருச்சியில் வேதியியல் படித்துவிட்டு நாசிக் பக்கம் ஒரு ஒயின் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். நாசிக் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். அங்கே குளிர்காலத்தில் பழம் முற்றி, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை ஆகும். ஒருமுறை கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, ஆலையில் முந்தைய வருடம் அடைத்த ஷிராஸ் சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அப்பா குடிப்பவரில்லை. மகன் கைப்பட்ட பொருள் என்று பரணில் பத்திரமாக வைத்துவிட்டார். ஓட்டு வீடு, ஓட்டுக்கு நேர் கீழே பரண். அதே அடைப்பில் அதே நாளில் மூடிய இன்னொரு பாட்டில், ஆலையின் நிலவறையில் 13 டிகிரிக் குளிரில் படுத்துக் கிடந்தது. வயது இரண்டுக்கும் ஒன்பது. இந்தமுறை வந்தபோது நிலவறைப் பாட்டிலையும், அதே தோட்டத்தின் இரண்டு வயதுப் பாட்டில் ஒன்றையும் எடுத்துவந்து பரண் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

எந்த ஒயின் புத்தகமும் எனக்குக் கற்றுத்தராததை அந்த மூன்றும் கற்றுத்தந்தன.

"மாப்ள, வாயில வைக்க அவசரப்படாத. மொதல்ல வெள்ளப் பேப்பர பின்னாடி புடிச்சு, கிளாஸ சாய்ச்சு, ஓரத்தப் பாரு" என்றான்.

இளையதன் ஓரம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. நடுவில் மசி போல இருட்டு. நிலவறை ஒயினின் ஓரம் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது, நடுவிலும் ஒளி ஊடுருவியது. பரண் பாட்டிலை எடுத்தபோதே கதை தெரிந்தது. தக்கை கழுத்துக்கு மேலே ஒரு நூல் உயரம் துருத்திக்கொண்டு நின்றது. மேலே சுற்றியிருந்த உறையின் உள்பக்கத்தில் காய்ந்த சிவப்புக் கறை. ஊற்றியதும் கஷாய நிறம். ஓரத்தில் சிவப்பே இல்லை.

தக்கை ஏன் துருத்துகிறது என்பதை அவன் விளக்கினான். பகலில் பரண் சூடேறும்போது ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது, ஓரத்தில் கொஞ்சம் கசிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அதே ஓரம் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஒரு கோடையில் இது எத்தனை முறை நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூடிய பாட்டில் என்று நாம் நம்பிக்கொண்டிருந்தது அத்தனை கோடையும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மோந்து பார்த்தோம். இளையதில் முதலில் நாவற்பழம், அதன் பின்னாலேயே மிளகு. மிளகு என்று கற்பனையில் சொல்லவில்லை. ஷிராஸில் மிளகு வாசம் தருவது ரோட்டண்டோன் என்ற பொருள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகின் காரவாசத்துக்கும் அதே பொருள்தான் காரணம். வாயில் வைத்தால் ஈறு இறுகும் துவர்ப்பு. இளம் வாழைக்காயைக் கடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு.

நிலவறை ஒயினில் பழம் பின்னுக்குப் போயிருந்தது. அந்த இடத்தில் உலர்ந்த அத்தி, புகையிலைக் காம்பு, தோல், மழை விழுந்த மண். ஒரே வாசமாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறை கிளாஸைச் சுழற்றும்போதும் வேறொன்று முன்னே வந்தது. துவர்ப்பு போகவில்லை, ஆனால் உறுத்தல் போயிருந்தது. பாட்டிலின் அடியில் கருஞ்சிவப்பு வண்டல் படிந்திருந்ததைக் காட்டி, "துவர்ப்பு எங்க போச்சுன்னு கேட்டியே, இங்கதான் உக்காந்திருக்கு" என்றான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்களும் நிறமிகளும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோர்த்துப் பெருத்து, கரைந்திருக்க முடியாமல் அடியில் இறங்கிவிடுகின்றன. நிறம் வெளுப்பதும் துவர்ப்பு தணிவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

பரண் ஒயினைப் பற்றி என்ன சொல்ல? கருகின வெல்லப்பாகு வாசம். வேகவைத்த பேரீச்சை. கடைசியில் மூக்கைக் குத்தும் காடி. வாயில் துவர்ப்பும் இல்லை, பழமும் இல்லை, புளிப்பு மட்டும் தனியே நின்றது. அதே தோட்டம், அதே பழம், அதே வயது.

நண்பனின் அம்மா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாயையும் சுவைத்துவிட்டு நாங்கள் பக்கத்தில் இருந்த சொம்பில் துப்புவது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, இதத் துப்பறதுக்கா அவ்ளோ தூரத்துலேருந்து தூக்கிட்டு வந்தான்?"

தொழிலில் சுவைப்பவர்கள் விழுங்குவதில்லை, விழுங்கினால் மூன்றாவது கிளாஸுக்கு நாக்கும் மூக்கும் வேலை செய்யாது என்று அவன் சொன்னான். இந்த மாவட்டத்தில் மதுவால் சிதைந்த வீடுகள் எத்தனை என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அந்தச் சொம்பு அங்கே இருந்தது அவருக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வயது என்று நாம் சொல்வதை அன்றைக்குப் பிறகு வேறு மாதிரி எண்ணத் தொடங்கினேன். ரசாயன மாற்றங்களின் வேகம் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. நிலவறை 13 டிகிரி. பரணைச் சராசரி 33 என்று வைத்தாலும் வேகம் நான்கு மடங்கு. அப்படியானால் ஏலாக்குறிச்சிப் பரணில் ஒன்பது வருடம் இருந்த ஒயின் முப்பத்தாறு வயது ஒயினைப் போல இருக்கவேண்டும். அப்படி இருக்கவில்லையே என்றேன். நண்பன் தலையசைத்தான். எல்லா மாற்றமும் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. குளிரில் நடக்கவே நடக்காத சில மாற்றங்கள் சூட்டில் முந்திக்கொள்கின்றன. டானின்கள் பொறுமையாகக் கைகோர்ப்பதற்கு முன்பே சர்க்கரையும் அமிலமும் வெந்துவிடுகின்றன. கூடவே காற்று. பரணில் அந்த ஒயின் முதிரவில்லை, வெந்துபோனது.

நம் வீடுகளில் இதற்கு இணையாக ஒன்று உண்டு. புது அரிசி குழையும், பழைய அரிசி பொலபொலவென்று வரும் என்று நெல்லை ஒரு வருடம் காத்துவைப்போம். ஆனால் வண்டும் ஈரமும் புகுந்த குதிரில் வைத்தால் அதற்குப் பழைய அரிசி என்று பெயர் இல்லை, கெட்ட அரிசி என்றுதான் பெயர். ஒயினிலும் அதே கதைதான், செலவு மட்டும் அதிகம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நன்றாகக் காத்தாலும் எல்லா ஒயினும் முதிர்வதில்லை. முதிர்வதற்குக் கையிருப்பு வேண்டும்: துவர்ப்போ, புளிப்போ, சர்க்கரையோ, சாராயமோ, இவற்றில் ஏதாவது ஒன்று மிகுந்திருக்கவேண்டும். காலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். செலவழிக்க ஒன்றுமில்லாத ஒயினைக் காலம் நேராகத் தின்றுவிடும். உலகில் உண்டாகும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. பழையது என்றால் உயர்ந்தது என்ற எண்ணம் சினிமா தந்தது. வீரமாமுனிவரின் சொந்த ஊர் லாம்புரூஸ்கோவை இருபது வருடம் வைத்திருப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

இங்கே அம்மா ஒன்றைக் கேட்டார். பழைய ரசம் குடித்தவன் புதியதை விரும்பமாட்டான், பழையதே நல்லது என்பான் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே? லூக்கா ஐந்தாம் அதிகாரத்தின் கடைசியில் வரும் பேச்சு அது. நண்பனிடம் பதில் தயாராக இருந்தது. கானாவூர்க் கல்யாணத்தில் கல்தொட்டித் தண்ணீர் ரசமானதே, பந்தி மேற்பார்வையாளன் அதைச் சுவைத்துவிட்டு நல்ல ரசத்தை இதுவரைக்கும் ஒளித்துவைத்தீரோ என்று மாப்பிள்ளையைக் கேட்டானே, அந்த ரசத்துக்கு என்ன வயசும்மா? சில நிமிஷம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அது மாதா கேட்டுக் குடுத்தது. ஒன் ஆலையில மாதாவா இருக்காங்க?" என்று முடித்துவிட்டு உள்ளே போனார். எனக்கென்னவோ இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. யோவான் சொல்லும் விருந்துக்கு அந்த நிமிஷத்து ரசமே பொருத்தம். லூக்கா சொல்வதோ பழகிய நாக்கின் பிடிவாதத்தை. பழையது மேலானது என்ற தீர்ப்பை நான் அதில் காணவில்லை.

வெந்த ஒயினைக் கொட்டிவிடலாம் என்றுதான் எழுந்தேன். நண்பன் தடுத்து, மதேரா கதையைத் தொடங்கினான்.

மதேரா, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் இருக்கும் போர்த்துகீசியத் தீவு. கிழக்கே போகும் கப்பல்கள் அங்கே நின்று ஒயின் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும். கப்பலின் அடித்தட்டில் பூமத்தியரேகைச் சூட்டில் மாதக்கணக்கில் வெந்து குலுங்கிய பீப்பாய்களில் சில விற்காமல் தீவுக்கே திரும்பின. திறந்து பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். ஒயின் கெடவில்லை, முன்பைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஒயினைக் கப்பலேற்றி இந்தியா வரை சுற்றவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து, சுற்றிவந்த ஒயின் என்று அதிக விலைக்கு விற்றார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையில் கம்பெனிக்காரர்களின் மேசையில் அதிகம் இருந்தது மதேராதான். நூற்றாண்டின் கடைசியில், கப்பல் செலவு எதற்கு என்று தீவிலேயே சூட்டறைகள் கட்டினார்கள். இன்றைக்கும் சாதாரண மதேராவை 45 முதல் 50 டிகிரி சூட்டில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் வைக்கிறார்கள். உயர்ந்த ரகம் கூரைக்கு அடியில், பீப்பாயில், வெயிலின் இளஞ்சூட்டிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். நூறு வயதைத் தாண்டிய மதேரா பாட்டில்கள் இன்னும் நல்ல நிலையில் திறக்கப்படுகின்றன.

ஷிராஸை அழித்த அதே சூடு மதேராவை எப்படி வளர்த்தது? கையிருப்புதான். மதேராத் திராட்சையின் புளிப்பு கடுமையானது, சூட்டில் எளிதில் அசையாது. அதில் சேர்க்கும் திராட்சைச் சாராயம் காடிப் பாக்டீரியாவை அண்டவிடாது. கெடக்கூடியதெல்லாம் முன்பே வெந்து தீர்ந்துவிட்டதால், திறந்த பாட்டில்கூட மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பரண் ஒயினை அடுத்த வாய் வைத்தபோது அந்த வெல்லப்பாகு வாசத்தை வேறு மனதோடு மோந்தேன். மதேராவில் புகழப்படும் வாசம்தான் அது. இங்கே அதைத் தாங்கிப்பிடிக்க உடம்பு இல்லை, அவ்வளவே.

நம் நாட்டில் ஒயின் முதிர்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஐரோப்பியக் குளிர் நிலவறையையே கனவு காண்கிறார்கள். மின்சாரத்தைக் கொட்டி அதை இங்கே உண்டாக்கவும் செய்கிறார்கள். அரியலூர் மாதிரி ஊருக்கு அது பொருந்தாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இந்த வெயிலுக்கு இரண்டு வழிதான் நேர்மையானவை. ஒன்று, இளமையிலேயே குடித்துத் தீர்ப்பது. மற்றொன்று, வெயிலையே வேலைக்காரனாக்கி மதேரா வழியில் போவது. முந்நூறு வருடமாகப் பூசை ரசம் நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான். மஸ்கட்டல் கேட்ட சங்கமும், பதினெட்டு என்று வரம்பு போட்ட ரோமும் வெயிலோடு ஒரு உடன்படிக்கைக்கு வந்தவர்கள்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல்லைப் பார்க்கும்போது ஒரு ஆசை எழும் என்பதை மறைக்கவில்லை. இன்றைக்கு சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் அந்தக் கல், கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. பிரான்சின் ஷாம்பெயின் சீமையில் திராட்சை வேர் இறங்கும் வெண்சுண்ணாம்பும் அதே யுகத்துக் கடலடிதான். மண்ணில் சொந்தம் உண்டு. காற்றில்தான் இல்லை. குளிர்காலமே இல்லாத இடத்தில் கொடி உறங்காது, உறங்காத கொடியின் பழம் அவசரமாகச் சர்க்கரை ஏறிப் புளிப்பை இழந்துவிடும்.

ஆனால் தமிழ்நாட்டில் வேறொரு இடத்தில் திராட்சை இருக்கிறது. தஞ்சாவூர்ச் சந்தையில் வாங்கிய ஒரு கிலோ கம்பம் பன்னீர்த் திராட்சையை நண்பன் தட்டில் வைத்திருந்தான். மூன்று ஒயினையும் முடித்த பிறகு ஒரு பழத்தை நசுக்கி மூக்கருகே நீட்டினான். ஒயின் கிளாஸ்களைத் தொட மறுத்த அம்மாவும் இதை மோந்து, "ரோசாப்பூவால்ல மணக்குது" என்றார். சரியாகச் சொன்னார். ஜெரானியால், லினலூல் என்ற இரண்டு வாசப்பொருள்கள் மஸ்கட் இனத் திராட்சைகளில் மிகுதி. ரோஜாவிலும் ஜெரானியால் உண்டு. கம்பம் பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற இனம். 1599-இல் மலைநாடு கேட்ட அந்த மஸ்கட்டலின் உறவுக்காரன். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்த இனத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும்.

மஸ்கட்டின் அந்த ரோஜா வாசம் நிலைக்காது. சாதாரண ஒயினாக்கினால் ஒன்றிரண்டு வருடத்தில் மங்கிவிடும். அதன் பெருமையெல்லாம் இளமையில்தான். துவர்ப்பும் குறைவு. நிலவறையில் பூட்டிவைக்க அதில் எதுவும் இல்லை. ஆகவே அறுவடையான அதே வருடத்தில் குடிக்கும் ஒயின் ஒரு பக்கம். புளிப்பு குறைவதற்கு முன் பறித்து, புளிப்பதைப் பாதியில் நிறுத்தி, திராட்சைச் சாராயம் சேர்த்துப் பதினெட்டுக்குக் கொண்டுவந்து, வெயில் அடிக்கும் கூரைக்கடியில் சிறு பீப்பாயில் விடுவது இன்னொரு பக்கம். ரோஜா போய்விடும். அந்த இடத்தில் என்ன வரும் என்பதை அறியத்தான் நண்பன் துடிக்கிறான். அதற்கான உரிமம் உள்ள ஆலை வேண்டும், பழத்தின் புளிப்பளவை மாதாமாதம் அளந்த கணக்கும் வேண்டும். இரண்டாவதைத் தேடி இருவரும் கம்பத்துக்குப் புறப்படுகிறோம். சுருளிப்பட்டித் தோட்டங்களில் பழம் பறிப்பவர்கள் எந்த நாளில் எதைப் பார்த்துக் கத்தரி வைக்கிறார்கள் என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.

(தொடரும்)